மார்பக மறுசீரமைப்பு: முடிவெடுக்கும் முன் கேட்டறிய வேண்டியவை

செண்பகத்தோப்பு மலையடிவாரத் தோப்புகளில் கூலி வேலை செய்துவரும் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். மார்பகப் புற்றுநோய்க்காக அவருடைய இடப்பக்க மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நோய் திரும்பவில்லை, பரிசோதனை முடிவுகள் யாவும் நன்றாகவே இருந்தன. அவர் வந்தது தழும்பின் மேல் ஏற்பட்டிருந்த புண்ணுக்காக. ரவிக்கையின் உட்புறம் பழைய சேலைத் துணியைச் சுருட்டி வைத்துத் தைத்திருந்தார். வியர்வையில் நனைந்த அத்துணி நாள் முழுதும் உராய்ந்ததால் தோல் புண்ணாகியிருந்தது. அவருக்கு இருந்த மாற்று வழிகளை நாங்கள் விளக்கத் தொடங்கியதும், அவர் கேட்டார்: "இதெல்லாம் இருக்குன்னு ஆபரேஷனுக்கு முந்தியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டாக்டர்?"

அக்கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. உயிரைக் காப்பதிலேயே கருத்தாக இருந்த நாங்கள், அதன் பிறகு அவர் வாழவிருக்கும் வாழ்க்கையைப் பற்றி அவரிடம் பேசத் தவறிவிட்டோம். அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றி இங்கே அவரைக் குறிப்பிடுவதற்குக் காரணம், அதே தவறு இனி எவருக்கும் நேரக்கூடாது என்பதே. மார்பகத்தை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களும், அவர்களைப் பேணும் குடும்பத்தினரும், முன்பே சிகிச்சை முடித்தவர்களும் இக்கட்டுரையைப் பொறுமையாகப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்பது யாது?

'பிளாஸ்டிக் சர்ஜரி' என்றதும் உடலுக்குள் பிளாஸ்டிக் பொருளை வைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உருவமைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தீக்காயத்தால் சுருங்கிய கையை நிமிர்த்துவது, பிளவுபட்ட உதட்டைச் சேர்ப்பது, விபத்தில் சிதைந்த முகத்தைச் சீராக்குவது ஆகியன இத்துறையின் அன்றாடப் பணிகள். தமிழில் இதனை ஒட்டுறுப்பு மற்றும் மறுசீரமைப்பு அறுவைச் சிகிச்சைத் துறை என்கிறோம். புற்றுநோயால் இழந்த மார்பகத்தின் வடிவத்தை மீண்டும் அமைப்பதும் இத்துறையைச் சேர்ந்ததே.

இத்தகைய சிகிச்சை வசதி படைத்தோருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. 2018 பிப்ரவரியில் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மார்பக உள்வைப்பு உள்ளிட்ட மார்பகச் சீரமைப்புச் சிகிச்சைகளைக் கட்டணமின்றி வழங்கும் பிரிவைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அப்போது சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தவர் சி. விஜயபாஸ்கர். அரசுப் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்ற விவாதம் அன்று நாடெங்கும், வெளிநாட்டுச் செய்தித்தாள்களிலும்கூட நடந்தது. அழகுக்காகச் செய்வது என்ற ஒரே கோணத்தில்தான் பலரும் அதனைப் பார்த்தனர். புற்றுநோய்க்குப் பின் மார்பகத்தை மீட்டமைக்க விரும்புவோர், பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதோர், மிகையான கனத்தால் தோள் வலியும் முதுகு வலியும் தாங்க முடியாதோர் ஆகிய எல்லோருக்கும் உரிய துறை இது என்பது அவ்விவாதத்தில் போதிய அளவு பேசப்படவில்லை. ஏழைப் பெண்ணுக்கும் இந்தத் தெரிவு உண்டு என்பதை ஓர் அரசு மருத்துவமனை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது என்ற அளவில் அந்நிகழ்வை நாங்கள் முக்கியமானதாகக் கருதுகிறோம்.

நம் பகுதியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆகவே எங்கு செல்வது, எதற்குக் காப்பீடு உண்டு, எது கைப்பணம் என்பவற்றை மருத்துவரிடமும், மருத்துவமனையிலுள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அலுவலரிடமும் தொடக்கத்திலேயே கேட்டறிதல் நலம்.

மூன்று வழிகள்

மார்பகம் அகற்றப்பட்ட பின் ஒரு பெண்ணுக்கு முன்னே மூன்று வழிகள் உள்ளன. மூன்றுமே முறையானவை. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பதில்லை.

முதலாவது, மறுசீரமைப்பு எதுவும் செய்துகொள்ளாமல் இருத்தல். தழும்பு ஆறிய பின் அப்படியே இருப்பவர்கள் பலர். வெளித்தோற்றத்தில் சமநிலை வேண்டுவோர், உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகத்தைப் பயன்படுத்தலாம். சிலிக்கோனால் ஆனவை இயற்கையான கனத்துடன் இருக்கும். ஆனால் விலை கூடுதல், கோடையில் வியர்க்கும். பருத்தி நூலால் பின்னி உள்ளே பஞ்சு அடைத்தவை இலேசானவை, துவைத்துக் காயவைக்கக் கூடியவை. வெயிலில் வேலை செய்யும் நம் பகுதிப் பெண்கள் பலருக்குப் பருத்தியாலானவை ஏற்றவை என்பது எங்கள் அனுபவம். இவற்றைத் தாங்குவதற்கென உட்பை தைத்த உள்ளாடைகளும் கிடைக்கின்றன.

இரண்டாவது, உள்வைப்பு. சிலிக்கோன் உறைக்குள் உப்புநீரோ சிலிக்கோன் கூழோ நிரப்பப்பட்ட பையை, மார்புத் தசைக்கு அடியிலோ மேலேயோ வைத்துத் தைப்பது. பெரும்பாலும் இது இரு கட்டங்களாக நடைபெறும். முதலில் விரிப்பான் என்னும் வெறும்பையை உள்ளே வைத்து, சில வாரங்கள் அல்லது மாதங்களில் சிறிது சிறிதாக ஊசி மூலம் உப்புநீரைச் செலுத்தித் தோலை விரியச் செய்வர். பிறகு மற்றோர் அறுவையில் அதனை எடுத்துவிட்டு நிலையான உள்வைப்பைப் பொருத்துவர். தோல் போதிய அளவு இருப்பின் ஒரே கட்டத்தில் முடிப்பதும் உண்டு. விரிப்பான்கள் பலவற்றில் காந்தம் இருப்பதால், அது உள்ளே இருக்கும் காலத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் அதைப் பற்றி முன்கூட்டியே கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது, தம் உடலின் தசையும் கொழுப்பும் கொண்டே மார்பகத்தை அமைத்தல். அடிவயிற்றுத் திசுவையோ முதுகுத் தசையையோ எடுத்துப் பயன்படுத்துவர். அந்நியப் பொருள் எதுவும் உடலுக்குள் இராது. உடல் எடை கூடினால் அதுவும் கூடும், குறைந்தால் அதுவும் குறையும். ஆனால் அறுவை பல மணி நேரம் நீளும். எடுத்த இடத்தில் இன்னொரு தழும்பு உண்டாகும். வயிற்றுச் சுவர் தளர்வதும் சிலருக்கு நேரும். மருத்துவமனையில் தங்கும் நாள்களும் வேலைக்குத் திரும்பும் காலமும் கூடுதலாகும்.

இரண்டாம், மூன்றாம் வழிகளில் அமையும் மார்பகம் வடிவத்தையே தரும். முன்பிருந்த தொடுவுணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை; பாலூட்டவும் இயலாது. இதனை முன்பே அறிந்திருந்தால் பின்னர் ஏமாற்றம் நேராது.

எப்போது செய்வது?

மார்பகத்தை அகற்றும் அதே அறுவையிலேயே மறுசீரமைப்பைத் தொடங்கலாம். சிகிச்சைகள் அனைத்தும் முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் செய்யலாம். உடனே செய்வதில் தோலைப் பெருமளவு காத்துக்கொள்ள முடியும். வெறுமையான மார்பைக் காணும் துயரமும் சிலருக்குக் குறையும். ஆயினும் அறுவைக்குப் பின் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படுமா என்பதே இங்கு முதற்கேள்வி. கதிர்வீச்சு பட்ட இடத்தில் உள்வைப்பைச் சுற்றியுள்ள திசு இறுகிச் சுருங்குவதும், காயம் ஆறாமல் போவதும், உள்வைப்பை எடுத்துவிட நேர்வதும் அதிகம். அத்தகையோருக்குக் காத்திருந்து செய்வதோ, சொந்தத் திசுவால் செய்வதோ ஏற்றதாகலாம்.

ஆதலின் புற்றுநோய் அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், ஒட்டுறுப்பு அறுவை நிபுணர் ஆகிய மூவரும் அறுவைக்கு முன்னரே கலந்து பேச வேண்டும். அவ்வாறு பேசினார்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை. மறுசீரமைப்பு வேண்டும் என்பதற்காகப் புற்றுநோய்ச் சிகிச்சை தாமதமாகக் கூடாது. எந்நிலையிலும் நோயைத் தீர்ப்பதே முதற்கடமை. இன்னொரு அச்சத்தையும் இங்கே போக்க விரும்புகிறோம். உள்வைப்பு வைத்தால் நோய் திரும்ப வரும் என்பதற்கு ஆதாரமில்லை.

உள்வைப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டியவை

உள்வைப்பு வாழ்நாள் முழுமைக்கும் உரிய பொருளன்று. சிலருக்கு அது பல்லாண்டுகள் தொல்லையின்றி இருக்கும். சிலருக்குச் சில ஆண்டுகளிலேயே எடுக்கவோ மாற்றவோ நேரும். முப்பது வயதில் பொருத்திக்கொள்பவர், வாழ்நாளில் மீண்டும் ஒரு முறையோ அதற்கு மேலோ அறுவைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். முதல் அறுவையின் செலவை மட்டும் கணக்கிட்டுவிட்டுப் பின்னாளின் செலவை மறந்துவிடுதல் கூடாது.

வரக்கூடிய தொல்லைகளுள் முதன்மையானது, உள்வைப்பைச் சுற்றி உடல் தானே உண்டாக்கும் மெல்லிய திசு உறை இறுகிவிடுதல். அப்போது மார்பகம் கல்போல் கடினமாகி, வடிவம் மாறி, வலிக்கும். அடுத்தது தொற்று, அறுவைக்குப் பின் காய்ச்சல், சிவத்தல், நீர் வடிதல் ஆகியவை தோன்றினால் மறுநாள் வரை காத்திராமல் வர வேண்டும். மூன்றாவது, உறை கிழிதல். உப்புநீர்ப் பை கிழிந்தால் மார்பகம் சுருங்குவதால் உடனே தெரிந்துவிடும். சிலிக்கோன் கூழ்ப் பை கிழிந்தால் வெளியே எவ்வித அறிகுறியும் இல்லாமல் போகலாம். எனவேதான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், சிலிக்கோன் உள்வைப்பு பொருத்தி ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆனதும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனையும், அதன்பின் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபரிசோதனையும் செய்துகொள்ளப் பரிந்துரைக்கிறது. புகைபிடித்தல், கட்டுப்படாத சர்க்கரை நோய், மிகையான உடல் எடை ஆகியவை காயம் ஆறுவதைக் கெடுத்து இத்தொல்லைகளைக் கூட்டும்.

உள்வைப்பின் வரலாற்றையும் சுருக்கமாக அறிந்துகொள்வது பயனுடையது. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்னும் இரு மருத்துவர்கள் முதல் சிலிக்கோன் உள்வைப்பைப் பொருத்தினர். முப்பது ஆண்டுகள் கழித்து, பாதுகாப்பு குறித்த ஐயங்களால் 1992-இல் அமெரிக்க அரசு சிலிக்கோன் கூழ் உள்வைப்புகளின் பயன்பாட்டை மறுசீரமைப்புக்கும் ஆய்வுக்கும் மட்டுமென்று கட்டுப்படுத்தியது; நீண்ட ஆய்வுகளுக்குப் பின் 2006-இல் அக்கட்டுப்பாட்டை நீக்கியது. பிரான்சு நாட்டின் பி.ஐ.பி. என்னும் நிறுவனம் மருத்துவத் தரத்துக்கு மாறாகத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-இல் வெளிப்பட்டது. அதன் நிறுவனர் 2013-இல் சிறைத் தண்டனை பெற்றார். சொரசொரப்பான மேற்பரப்புடைய சிலவகை உள்வைப்புகளைச் சுற்றி, நோய் எதிர்ப்பு அணுக்களில் தோன்றும் அரிய புற்றுநோய் ஒன்று வருவது தெரிந்ததால், 2019 ஜூலையில் அலெர்கன் நிறுவனம் தன் 'பயோசெல்' வகை உள்வைப்புகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. 2021 அக்டோபரில், ஒவ்வொரு பெண்ணிடமும் அறுவைக்கு முன் ஆபத்துகளைப் பட்டியலிட்டு விளக்கி, அவர் புரிந்துகொண்டதைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற நடைமுறையை அமெரிக்கா கட்டாயமாக்கியது.

இவற்றை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மேற்சொன்ன புற்றுநோய் மிக அரிது. பொருத்திப் பல ஆண்டுகளுக்குப் பின் மார்பகம் திடீரென வீங்குவதே அதன் வழக்கமான அறிகுறி. தொடக்கத்திலேயே கண்டு உள்வைப்பையும் சுற்றுறையையும் அகற்றினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். உள்வைப்புக்குப் பின் சோர்வு, மூட்டுவலி, மறதி போன்றவற்றைச் சொல்லும் பெண்களும் உள்ளனர். அதனை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனை இல்லை. ஆயினும் எடுத்த பின் நலம் பெற்றதாகச் சிலர் கூறுகின்றனர். அவர்களுடைய சொல்லை மருத்துவர்கள் அலட்சியம் செய்யலாகாது. எந்த நிறுவனத்தின் எந்த வகைப் பொருள் தம் உடலில் உள்ளது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். பெயர், அளவு, வரிசை எண் ஆகியன அச்சிட்ட அட்டையை அறுவை முடிந்ததும் கேட்டுப் பெற்று, குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

நோயின்றி, உருவத்துக்காக விரும்புவோர்க்கு

மார்பகம் சிறிதாக இருப்பது குறித்து வருந்தி எங்களிடம் வரும் இளம்பெண்களும் உண்டு. அவர்களை நாங்கள் பழிப்பதில்லை. ஆனால் இது யாருடைய விருப்பம் என்று தனியே கேட்கிறோம். திருமணப் பேச்சுக்காகவோ, கணவரின் சொல்லுக்காகவோ, கைப்பேசியில் கண்ட படத்துக்காகவோ எடுக்கும் முடிவு நிலைப்பதில்லை. உடல் வளர்ச்சி முழுமை பெறாத வயதில் இவ்வறுவை கூடாது. பின்னாளில் தாய்ப்பால் ஊட்ட விரும்புவோர் அதனை முன்பே கூற வேண்டும்; பலரால் ஊட்ட இயலும், சிலருக்குப் பால் குறையக்கூடும். மேமோகிராம் எடுக்கும்போது உள்வைப்பு இருப்பதைத் தெரிவித்தால், அதற்கேற்பக் கூடுதல் படங்கள் எடுப்பர். இன்று வேண்டாம் என்று திரும்பிச் செல்லும் வாய்ப்பு, அறுவை அறையின் வாயில் வரை எவருக்கும் உண்டு.

நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆலோசனைக்குச் செல்லும்போது இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். விடைகளையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சையில் தாங்கள் பெற்ற உயர் தகுதி யாது? இவ்வறுவையைத் தொடர்ந்து செய்து வருகிறீர்களா?
2. என் உடல்நிலைக்கு மூன்று வழிகளில் எவை பொருந்தும், எவை பொருந்தா? ஏன்?
3. எனக்குக் கதிர்வீச்சு தேவைப்படுமா? அதற்கேற்ப எப்போது செய்வது நல்லது?
4. மொத்தம் எத்தனை அறுவைகள்? மறு மார்பகத்திலும், காம்பு அமைப்பதிலும் ஏதேனும் செய்ய வேண்டிவருமா?
5. எந்த நிறுவனத்தின் உள்வைப்பு? மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா?
6. பாரம் தூக்கவும், மில்லுக்கோ தோட்டத்துக்கோ திரும்பவும் எத்தனை வாரங்கள் ஆகும்?
7. தொல்லை நேர்ந்தால் இரவில் யாரை அழைப்பது? எடுத்துவிட நேர்ந்தால் அதன் செலவு யாருடையது?
8. இப்போது எதுவும் செய்யாமல் விட்டால், பின்னர் செய்துகொள்ளும் வாய்ப்பு இருக்குமா?

இறுதிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'இருக்கும்' என்பதே விடை. அவ்விடையைக் கேட்டதும் பலருடைய முகம் தெளிவதைக் கண்டிருக்கிறோம். கேள்விகளுக்குப் பொறுமையாக விடை தராத, உடனே முன்பணம் கட்டச் சொல்லும், ஆபத்தே இல்லையென்று உறுதி கூறும் இடத்தைத் தவிர்த்து, இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேளுங்கள்.

பேணுவோருக்கு ஒரு வேண்டுகோள்

ஆலோசனை அறையில் பெரும்பாலும் பேசுபவர் கணவரோ அண்ணனோதான். "இந்த வயசுக்கு மேல இது எதுக்கு?" என்று மாமியாரோ மதினியோ அக்கறையுடனேயே கூறுவதையும் கேட்டிருக்கிறோம். மற்றொரு புறம், மனைவி தயங்கும்போது, "செலவைப் பத்தி யோசிக்காத, செஞ்சுக்கோ" என்று அன்பினால் வற்புறுத்தும் கணவர்களும் உண்டு. இரண்டுமே அவருடைய குரலை மறைத்துவிடுகின்றன. எனவே, எங்கள் பிரிவில் நோயாளியிடம் சிறிது நேரம் தனியே பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டுள்ளோம். அப்போது வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் வருந்த வேண்டாம்.

உங்களால் ஆகும் உதவிகள் பல. கேள்வித் தாளை எழுதித் தரலாம். அறுவைக்குப் பின் மருத்துவர் குறிக்கும் வாரங்கள் வரை தண்ணீர்க் குடத்தையும், மாவு ஆட்டுவதையும், குழந்தையைத் தூக்குவதையும் நீங்கள் ஏற்கலாம். கை, தோள் பயிற்சிகளை நாள்தோறும் நினைவூட்டலாம். அவர் எந்த வழியைத் தேர்ந்தாலும், "ஏன் அப்படிச் செய்தாய்?" என்ற கேள்வி வீட்டில் எழாமல் காக்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன பெண்மணி மூன்று வழிகளையும் கேட்டறிந்தார். ஒட்டுறுப்பு நிபுணரையும் ஒரு முறை கண்டார். இன்னோர் அறுவை வேண்டாம் என முடிவு செய்து, பருத்தியாலான செயற்கை மார்பகத்தைப் பெற்றுக்கொண்டார், புண் ஆறிவிட்டது. அதே ஆண்டில் வந்த, நூல் மில்லில் பணியாற்றும் இளம்பெண் ஒருவர், அறுவைக்கு முன்பே எல்லாவற்றையும் கேட்டு விரிப்பானும் பின்னர் உள்வைப்பும் பொருத்திக்கொண்டார். தவறாமல் பரிசோதனைக்கு வருகிறார். இருவருமே தம் முடிவில் நிறைவாக உள்ளனர்.

மார்பக அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டுள்ள எவரும், அந்நாளுக்கு முன் மறுசீரமைப்பு ஆலோசனையைக் கேட்டுப் பெறலாம். வரும்போது திசுப் பரிசோதனை அறிக்கை, மேமோகிராம் அல்லது ஸ்கேன் படங்கள், தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். முன்பே அறுவை முடித்து, இதுவரை எவரும் இதைப் பற்றிச் சொல்லவில்லை என்போரும் வரலாம். ஆண்டுகள் பல கடந்திருந்தாலும் தயங்க வேண்டாம்.